நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடலாமா?

கேட்டது இதுதான். வீட்டில் 14 கிலோ எடையில் ஒரு நாட்டு நாய், 3 கிலோவில் ஒரு பூனை. நாய்க்கு உண்ணி விட்டபாடில்லை. கடையில் கொடுத்த சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை என்பதை விட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தும் பலனில்லை. இப்போது பூனையின் மேலும் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது. நாய் டியூபில் மிச்சம் இருப்பதைப் பூனைக்குக் கொஞ்சமாகப் போடலாமா? தொழுவத்தில் மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டலாமா? மாத்திரை கொடுத்தால் வலிப்பு வரும் என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது, ஒரு சொட்டுகூட. இரண்டாவதற்கு: வேண்டாம். மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் அந்த டியூப் வந்த அட்டையை எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முன்பக்கத்து நாய்ப் படமும் பெயரும் எதற்கும் உதவாது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பதுதான் வேண்டும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ஏதாவது இருந்தால் அது பூனைக்கு விஷம். நாயின் உடம்பு இதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி வேலை மிகக் குறைவு. பாரசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறையால்தான்.

'கொஞ்சமாக' என்று நீங்கள் நினைக்கும் அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்துகள் பல 45 சதவீதம், அதற்கு மேலும் செறிவுள்ளவை. 45 சதவீத மருந்தில் 1 மில்லிக்குள் 450 மில்லிகிராம் பெர்மெத்ரின் இருக்கிறது. நான்கரைக் கிலோ பூனையின் தோலில் அந்த 1 மில்லி பட்டாலே கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். உயிருக்கே ஆபத்தான அளவு அது. உங்கள் பூனை 3 கிலோதான். டியூபின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சமே அதற்குப் போதும்.

இதில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபிப்ரோனிலோடு மெத்தோப்ரீன் சேர்ந்த சொட்டு மருந்து பூனைக்கென்றே விற்கிறது. மெத்தோப்ரீன் வேறு, பெர்மெத்ரின் வேறு. முன்னது தெள்ளு முட்டையும் புழுவும் வளராமல் தடுப்பது, பூனைக்கு ஆகும். பெயர் காதில் ஒரே மாதிரி விழுவதால் கடையில் மாற்றி எடுத்துத் தந்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். மனிதர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பேன் லோஷனிலும் சொறி சிரங்கு க்ரீமிலும் இதே பெர்மெத்ரின்தான் இருக்கிறது. 'குழந்தைக்கே போடுகிறோம், பூனைக்கு என்ன ஆகப் போகிறது' என்று தடவிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

பூனைக்கு நேரடியாகப் போடாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. உங்கள் நாயும் பூனையும் ஒரே சாக்கில் ஒட்டிப் படுப்பவையா, பூனை நாயை நக்கிவிடுமா? அப்படியென்றால் பெர்மெத்ரின் போட்ட நாயிடமிருந்து பூனையைக் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் மூன்று நாள் பிரித்து வைக்க வேண்டும். நடைமுறையில் யாராலும் முடியாது. அதனால் பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கும் பெர்மெத்ரின் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேறு மருந்து இல்லாத காலமென்றால் சரி, இப்போது நிறைய இருக்கிறது.

தெரியாமல் பட்டுவிட்டால் என்ன செய்வது? சில மணி நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும், சிலதுக்கு ஒரு நாள் கழித்தும் வரும். முதலில் காது துடிக்கும். முதுகுத் தோல் அலை அலையாகச் சிலிர்க்கும். பாதத்தை உதறி உதறி நடக்கும். அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. நடுங்கி நடுங்கியே உடம்பு கொதிக்கும். தோலில் பட்டது தெரிந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைப் போட்டுக் கழுவுங்கள். மருந்து எண்ணெய்ப் பசையானது, வெறும் தண்ணீரில் போகாது. சுடுதண்ணீர் வேண்டாம், தோல் வழியே இன்னும் வேகமாக இறங்கும். பச்சைத் தண்ணீரும் வேண்டாம், குளிரில் உடம்புச் சூடு ஒரேயடியாக இறங்கிவிடும். பாலோ எண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். துண்டில் சுற்றி, மருந்தின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அட்டையை ஏன் எடுத்துப் போக வேண்டும் என்றால், நடுங்கிக்கொண்டு வரும் பூனையைப் பார்த்து என்ன விஷம் என்று சொல்லிவிட முடியாது. பழைய பூச்சிக்கொல்லி வகைகளில் அட்ரோபின் ஊசி உயிரைக் காக்கும். பெர்மெத்ரினுக்கு அது முறிவு இல்லை, தனி முறிவு மருந்தே கிடையாது. மெத்தோகார்பமால் போன்றவற்றால் நடுக்கத்தை அடக்கி, உடம்பு தானே மருந்தை வெளியேற்றும் வரை ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். பூனைக்கான சரியான மருந்தையே போட்டாலும் அது எப்படியாவது ஒரு நக்கு நக்கிவிட்டால் வாயில் நுரை தள்ளும். அது கசப்பினால் வருவது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நுரையோடு நடுக்கமோ தள்ளாட்டமோ சேர்ந்தால்தான் கவலை.

இப்போது நாய்க்கு வருவோம். பத்து நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். நான் பார்க்கும் மருந்து விஷக் கேஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மருந்து போட்டாச்சு, ஒரு வாரம் கழித்து மறுபடி உண்ணி தெரிகிறது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று இன்னொரு டோஸ், அதற்கு மேல் ஒரு பவுடர், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன குளியல் மருந்து. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தப்பில்லாத மருந்தாக இருக்கலாம். எல்லாம் ஒரே தோலில் சேரும்போது நாய் தாங்காது.

மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உண்ணி வந்துகொண்டே இருப்பது வீட்டிலிருந்து. நம் ஊர் நாய்களில் இருக்கும் பழுப்பு நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று தடவை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், மூன்று தடவை கீழே இறங்கும். குஞ்சாக ஏறி, குடித்து, இறங்கித் தோல் உரிக்கும். அடுத்த பருவத்தில் ஏறி, இறங்கி, மறுபடி தோல் உரிக்கும். கடைசியாக வளர்ந்த பெண் உண்ணி மொச்சைக் கொட்டை மாதிரி உப்பி இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வேறு பல உண்ணிகளுக்குப் புல்வெளியும் ஈரமும் வேண்டும். இதற்கு வீடே போதும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். இவை மேல் நோக்கி ஏறும் குணமுள்ளவை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பு, காலண்டருக்குப் பின்னால், சுவிட்ச் போர்டின் ஓரம் என்று சுண்ணாம்பு பெயர்ந்த இடமெல்லாம் கூட்டமாக ஒட்டியிருக்கும். எள்ளளவில் சிவப்பாக நகர்வதும் உண்ணிதான், அதன் குஞ்சு. நாயின் மேல் நீங்கள் பார்ப்பது இந்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். தெள்ளும் இப்படியே: வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் 5 சதவீதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. மீதி முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும்.

ஆகவே மருந்தைக் காலண்டர் பார்த்துப் போடுங்கள், உண்ணியைப் பார்த்துப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை என்றால் மாதம் ஒருமுறைதான். குறைந்தது மூன்று நான்கு மாதம் இடைவெளி விடாமல் போட்டால், ஏறுகிற ஒவ்வொரு தலைமுறையும் செத்துச் செத்துச் சுவரில் இருப்பு தீரும். கூடவே சுவர்ச் சந்துகளை சிமென்ட் வைத்து அடைப்பது, நாயின் சாக்கை வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைப்பது, மூலை முடுக்கெல்லாம் கூட்டுவது, இதெல்லாம் எந்த டியூபையும் விடப் பெரிய வேலை செய்யும். பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால் நாயையும் பூனையையும் தரை நன்றாகக் காயும் வரை வெளியே வையுங்கள். மீன் தொட்டி இருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள். பூனையைவிட மோசமாக மீன் இந்த மருந்துகளுக்குச் சாகும்.

சொட்டு மருந்து பலிக்காததற்கு இன்னொரு காரணம் குளியல். ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து உடம்பு முழுக்கப் பரவ வேண்டியது. போடுவதற்கு இரண்டு நாள் முன்னும், போட்ட பிறகு இரண்டு நாளும் ஷாம்பு கூடாது. முடிமேல் ஊற்றினாலும் வீண். கழுத்துக்குப் பின்னால், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முடியை வகிடு பிரித்து, தோல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் விட வேண்டும். நக்க எட்டாத இடம் என்பதால்தான் அங்கே. காயும் வரை குழந்தைகளைத் தொட விடாதீர்கள். 14 கிலோ நாய்க்கு 10 முதல் 20 கிலோ அட்டைதான், ஃபிப்ரோனில் என்றால் 1.34 மில்லி டியூப். பெரிய நாய் டியூபை வாங்கிப் பாதி பாதியாகப் போட்டால் மிச்சமாகும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பூனைக்கு 0.5 மில்லி டியூப் தனியாக இருக்கிறது. எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். முயல் வளர்க்கிறவர்கள் கவனிக்க: ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது.

மாட்டு மருந்து. தொழுவத்தில் இருப்பது பெரும்பாலும் டெல்டாமெத்ரினாகவோ சைபர்மெத்ரினாகவோ இருக்கும், பூனை வீட்டில் அதற்கு இடமே இல்லை. அமிட்ராஸ் என்றால் அது நாய்க்கும் உள்ளதுதான், ஆனால் அளவு தப்பக் கூடாது. 12.5 சதவீத பாட்டில் என்றால் 1 மில்லியில் 125 மில்லிகிராம். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் 0.025 சதவீதக் கரைசல் கிடைக்கும். இதை சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். 'அரை வாளிக்கு ஒரு மூடி' என்பது அளவே இல்லை. ஒவ்வொரு பாட்டில் மூடியும் ஒவ்வொரு அளவு. அதிகமானால் நாய் தூங்கி வழியும், நாடி மந்தமாகும், உடம்பு சில்லிடும், வயிறு வேலை செய்யாது, ரத்தச் சர்க்கரை ஏறும். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டி, சினை நாய், சர்க்கரை நோயுள்ள நாய், சிவாவா மாதிரி மிகச் சிறிய இனம், எந்த வயதுப் பூனையும், இவற்றுக்கு அமிட்ராஸ் வேண்டாம். போடுகிறவரும் கையுறை மாட்டிக்கொண்டு வெட்டவெளியில் போட வேண்டும். திறந்து நாளான பாட்டிலைத் தொடாதீர்கள். முறிவு மருந்து உண்டு, அடிப்பமேசோல் அல்லது யோஹிம்பின். ஆனால் எல்லா கிளினிக்கிலும் கையிருப்பு இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

பழைய ஆட்கள் கமாக்சின் பொடியைத் தூவுவார்கள். பிஹெச்சி எனப்படும் அந்த மருந்து இந்தியாவில் 1997-லேயே தடை ஆனது. வீட்டுப் பரணில் பழைய டப்பா இருந்தால் நாயின் மேல் பரிசோதனை செய்ய வேண்டாம். மண்ணெண்ணெயும் அப்படியே, தோல் வெந்து, நக்கினால் நுரையீரலுக்குள்ளும் போகும். வேப்பெண்ணெய் இயற்கையானது என்று பூனையின் மேல் பூசாதீர்கள், பூனை தன் மேல் பட்ட எதையும் நக்கியே தீரும். கற்பூரமும் டீ ட்ரீ எண்ணெயும் அதைவிட மோசம்.

சரி, மாத்திரை. அஃபாக்சோலானர், ஃப்ளூரலானர், சரோலானர் என்று ஒரே குடும்பத்து மருந்துகள். நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பரிக்கா என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ, இந்தக் குடும்பம் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரவழைக்கலாம் என்று எச்சரித்து லேபிளிலும் எழுதச் சொன்னது. தடை செய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்ற நிலையிலேயே விற்பனை தொடர்கிறது. நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் நான் இதை எழுதித் தர மாட்டேன். இல்லையென்றால், பூனையோடு சேர்ந்து வாழும் நாய்க்கு இதைத்தான் முதலில் யோசிப்பேன். மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கும், முடியில் இருக்காது. பூனை நக்கினால் ஒன்றும் ஆகாது, குளிப்பாட்டவும் தடையில்லை.

ஆனால் இரண்டு விஷயம். உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். அதனால் மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் மேல் உண்ணி தெரியும், ஒன்றிரண்டு நாளில் காய்ந்து உதிரும். அதைப் பார்த்து அடுத்த மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அஃபாக்சோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூரலானர் பொதுவாக 12 வாரத்துக்கு ஒன்று. இரண்டாவது, மாத்திரையின் விலையைப் பார்த்துவிட்டுப் பலர் ஐவர்மெக்டின் ஊசிக்குப் போகிறார்கள். உண்ணிக்கு அது நம்பக்கூடிய மருந்து இல்லை. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு உண்டு. அவற்றில் மருந்து மூளைக்குள் புகுந்து கோமாவரை கொண்டுபோகும்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இப்படி இருக்கும். நாய்க்குக் கடைசியாக என்ன, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று பார்த்து, அது தீர்ந்த பிறகு எடைக்கேற்ற மாத்திரை. பூனைக்குப் பூனை ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு. இரண்டுக்கும் ஒரே நாளில் ஆரம்பம், இல்லையென்றால் தெள்ளு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். கண்ணில் படும் உண்ணியை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்க வேண்டாம், நெருப்புக் குச்சி வைக்க வேண்டாம்.

கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: 'நாய் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, சோர்ந்து படுக்கிறது.' அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அடிக்கடி போட்ட மருந்தின் வேலையாக இருக்கலாம். ஆனால் இவ்வளவு உண்ணி ஏறிய நாயில் எனக்கு முதலில் சந்தேகம் எர்லிக்கியா அல்லது பபீசியா என்ற ரத்தக் கிருமிகள் மேல்தான். இரண்டும் இதே உண்ணி கடித்துப் பரப்புபவை. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருக்கிறதா, ஊசி குத்தியது மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? மூக்கில் ரத்தம் வந்ததா, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கே கொண்டுபோய் ரத்தம் எடுத்துத் தட்டணு எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் பார்க்கச் சொல்லுங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் பார்ப்பார்கள். எர்லிக்கியா என்று வந்தால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து சாப்பிட ஆரம்பித்துவிடும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.